டயர் லேபிளில் இடம்பெறாத மூன்றாம் அளவு

கார் டயர் வாங்குபவர் பணம் கொடுக்கும் முன்பே அதன் திறனை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக ஐரோப்பிய ஒன்றியம் 2012 நவம்பரில் கட்டாயமாக்கி, 2021 மே 1 முதல் திருத்திய வடிவில் நடைமுறைப்படுத்திவரும் டயர் லேபிள், முதன்மையாக மூன்று செய்திகளைத் தருகிறது. எரிபொருள் சிக்கனத்துக்கு ‘ஏ’ முதல் ‘இ’ வரையிலான ஓர் எழுத்தும், ஈரச் சாலையில் கிடைக்கும் பிடிப்புக்கு அதே வரிசையில் இன்னோர் எழுத்தும், டயர் வெளியே எழுப்பும் ஓசைக்கு டெசிபல் அளவும் அதில் இருக்கும். பனிச் சாலைக்குத் தகுதி பெற்ற டயர்களுக்குத் தனிக் குறிகளும் உண்டு. இவை பள்ளி மதிப்பெண்களைப் போலத் தனித்தனியாக அச்சிடப்பட்டிருந்தாலும், முதல் இரண்டும் ஒரே ரப்பர்க் கலவைக்குள் ஒன்றோடொன்று மோதும் பண்புகள் என்பதையும், அவற்றோடு பிணைந்த தேய்மானம் என்னும் மூன்றாவது பண்பு லேபிளில் இடம்பெறவே இல்லை என்பதையும் அறியாதவருக்கு அந்த எழுத்துகள் பாதி உண்மையையே சொல்லும்.

எரிபொருள் எழுத்துக்கு அடிப்படை உருளல் தடை. வண்டியின் எடையைத் தாங்கும் டயர், தரையைத் தொடும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி மீள்கிறது. நசுங்கும்போது உட்கொண்ட ஆற்றல் முழுவதையும் ரப்பர் திருப்பித் தராமல் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கிறது. அந்த இழப்பே வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் தடையாக வெளிப்படுகிறது. ஒரு டன் சுமைக்கு 6.5 கிலோ விசைக்கு மேற்படாத தடை உள்ள கார் டயர் ‘ஏ’ வகுப்பிலும், 10.6 கிலோ விசையும் அதற்கு மேலும் உள்ளது ‘இ’ வகுப்பிலும் சேர்கின்றன. ஒன்றரை டன் எடையுள்ள காரில் இந்த இடைவெளி ஏறத்தாழ ஆறு கிலோ எடை ஓயாமல் பின்னிழுப்பதற்குச் சமம். இந்தத் தடை சோதனைக்கூடத்தில், வரையறுத்த காற்றழுத்தத்தில் அளக்கப்படுவது. காற்றுக் குறைந்த டயர் கூடுதலாக நசுங்கும் என்பதால், மாதக்கணக்கில் காற்றைச் சரிபார்க்காதவருக்கு ‘ஏ’ எழுத்தின் பயன் முழுமையாகக் கிடைப்பதில்லை.

ஈரப் பிடிப்பின் இயல்பு இதற்கு நேர்மாறானது. சாலையின் நுண்ணிய கல்முனைகள்மேல் வழுக்கும் ரப்பர் அவற்றைக் கவ்வி நசுங்கி, ஆற்றலை வெப்பமாக இழந்தால்தான் வண்டி நிற்கும். பிடிப்புக்கு ஆற்றல் இழப்பு தேவை. சிக்கனத்துக்கு அதே இழப்பு கேடு. இவ்விரண்டையும் ஓரளவு சேர்த்துத் தர முடிவதற்குக் காரணம், அவை நிகழும் வேகங்கள் வேறுபடுவதே. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார்ச் சக்கரம் விநாடிக்குச் சுமார் 14 முறை சுற்றுகிறது. ஆனால் பிரேக் பிடிக்கும்போது கல்முனைகளால் ரப்பரில் எழும் அதிர்வு விநாடிக்கு ஆயிரக்கணக்கிலும் அதற்கு மேலும் செல்லும். மெதுவான அசைவில் குறைவாகவும் விரைவான அதிர்வில் மிகுதியாகவும் ஆற்றலை இழக்கும் கலவையே ரப்பர் வேதியியலாளர் தேடியது. கார்பன் பிளாக்கின் பெரும்பகுதிக்கு மாற்றாகச் சிலிக்காவையும், அதை ரப்பரோடு பிணைக்கும் சிலேன் சேர்மத்தையும் கலந்து, 1990களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த டயர்கள் அந்தத் தேடலில் பெரிய திருப்பமாக அமைந்தன. ஆயினும் முரண் தளர்ந்ததே அன்றி மறையவில்லை. ஒரு பண்பைக் கூட்ட முயலும்போது மற்றொன்றோ தேய்மானமோ விலை கொடுக்க நேர்கிறது.

எழுத்துகளின் எல்லைகளையும் கூர்ந்து பார்க்க வேண்டும். உருளல் தடை 6.6 உள்ள டயரும் 7.7 உள்ள டயரும் ஒரே ‘பி’ வகுப்பில் நிற்க, 7.8 உள்ளது ‘சி’க்கு இறங்குகிறது, ஆகவே அடுத்தடுத்த இரு வகுப்புகளுக்கு இடையே வேறுபாடு அற்பமாகவும், ஒரே வகுப்புக்குள் அது பெரிதாகவும் இருக்கக்கூடும். பழைய லேபிளில் ‘ஜி’ வரை ஏழு எழுத்துகள் இருந்தும் கார் டயர்களுக்கு ‘டி’ காலியாக விடப்பட்டிருந்தது. 2021இல் வரிசை சுருங்கியபோது பழைய ‘இ’ புதிய ‘டி’ ஆனது. பழைய அட்டவணையையும் புதிய லேபிளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், டயர் முன்னேறிவிட்டதாக இதை எண்ணிவிடக் கூடாது.

ஓசை அளவு வண்டிக்கு வெளியே, சாலையோரத்தில் கேட்பது. வண்டிக்குள் பயணிக்குக் கிடைக்கும் அமைதியை அது உறுதிசெய்வதில்லை.

ஈரப் பிடிப்புச் சோதனையில், நனைத்த தளத்தில் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 20 கிலோமீட்டருக்கு வேகம் குறைவது ஒரு நிலையான ஒப்பீட்டு டயரோடு வைத்து மதிப்பிடப்படுகிறது. ‘ஏ’ வகுப்பின் தொடக்கக் குறியீட்டெண் 1.55, ‘இ’ வகுப்பின் உச்சம் 1.09. நாற்பது விழுக்காட்டுக்கும் மேற்பட்ட இந்த வேறுபாடு ஓர் உயிரைக் காக்கும் அளவுக்குப் பெரியது என்பதால், சிக்கன எழுத்துக்கு முன்பாக இதைப் பார்ப்பதே முறை. ஆனால் இதுவும் புது டயரின் திறன். பள்ளங்கள் தேய்ந்து ஆழம் குறைந்தபின் நீரை வெளியேற்றும் ஆற்றல் எவ்வளவு எஞ்சும் என்பதை லேபிள் கூறுவதில்லை.

அமெரிக்கா வேறு வழியைத் தேர்ந்தது. அங்கே டயரின் பக்கச் சுவரிலேயே வார்க்கப்படும் தரக் குறியீடுகளில் தேய்மான எண் உண்டு, உருளல் தடை இல்லை. டெக்சாஸின் சான் ஆஞ்சலோவைச் சுற்றியுள்ள சாலைகளில் 7,200 மைல், அதாவது சுமார் 11,600 கிலோமீட்டர் ஓட்டி, ஒப்பீட்டு டயரோடு சேர்த்துத் தேய்வு அளக்கப்படுகிறது. சோதனையில் 400 என்ற எண், 200இன் இரு மடங்கு உழைப்பைக் குறிக்கும். எனினும் எண்ணை வழங்குவது உற்பத்தியாளரே என்பதால் இரு நிறுவனங்களின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது நம்பத்தக்கதன்று. ஐரோப்பியச் சட்டமோ, தகுந்த சோதனை முறை கிடைக்கும்போது தேய்மானத்தையும் ஓடும் தூரத்தையும் லேபிளில் சேர்க்க இடம் வைத்திருக்கிறது. டயரிலிருந்து உதிரும் துகள்கள் மண்ணையும் நீரையும் சேர்வதைக் கருதி, 2024இல் நிறைவேறிய யூரோ 7 விதிகள் தேய்மானத்தையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்துள்ளன. தேய்மானம் லேபிளிலும் ஏறும்போதுதான் அதன் இடைவெளி நிரம்பத் தொடங்கும்.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் அறிவிக்கை, ஏஐஎஸ்-142 தரநிலையின்படி உருளல் தடை, ஈரப் பிடிப்பு, ஓசை மூன்றுக்கும் குறைந்தபட்சத் தகுதியை விதித்தது. ஆற்றல் திறன் பணியகம் தொடங்கிய நட்சத்திரக் குறியீடோ உருளல் தடையை அடிப்படையாகக் கொண்டது. ஐந்து நட்சத்திரம் பெற்ற டயர் எரிபொருளைச் சேமிக்கும் என்று அறியலாமே அன்றி, வடகிழக்குப் பருவமழையில் நீர் தேங்கிய சென்னைச் சாலையில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று அதிலிருந்து அறிய இயலாது. விதித்த வரம்பை வெகுவாகத் தாண்டிய டயரும் மயிரிழையில் தொட்ட டயரும் கடையில் ஒன்றுபோல் தோன்றுவது நியாயமன்று. ஈரப் பிடிப்பை அளந்த எண் தகுதிச் சோதனையின் அறிக்கையில் ஏற்கெனவே இருப்பதால், அதை நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் அச்சிடப் புதிய சோதனை எதுவும் தேவையில்லை.