கூரை ஏசியின் சொட்டுநீர்

மரக்காணம் உப்பளங்களை அடுத்த, ஈரக் கடற்காற்று வீசும் ஊர்களில், கேரவனின் கூரை ஏசி உள்ளே சொட்டத் தொடங்கியதுமே சிலிகான் பசையைத் தேடுவது பெரும்பாலும் வீண்வேலை. மழையில்லாத நாளில், ஏசி ஓடும்போது மட்டும் ஒழுகினால், காற்றின் ஈரம் நீராகப் படியும் குளிர்ச்சுருளிலிருந்து வடிந்த தண்ணீர், தூசியும் பாசியும் அடைத்த வடிகால் துளை வழியே வெளியேற முடியாமல், அடியிலுள்ள தட்டை மீறி வழிகிறது என்று கொள்ளலாம். வண்டி சாய்ந்து நின்றாலும் இதுவே நேரும். ஏசி அணைந்திருக்கையில் மழைநீர் இறங்கினால்தான், கூரைக்கும் கருவிக்கும் இடையே நீரைத் தடுக்கும் மெத்தென்ற பட்டையான கேஸ்கெட்டை ஐயுற வேண்டும். அப்போதும், உப்புக்காற்றில் துருவேறிய போல்ட்டுகளை மாற்றி, அளவோடு மாறிமாறி முடுக்குவதே முறை. பலத்தைக் காட்டினால் பட்டை நசுங்கி, ஒழுக்கு நிலைத்துவிடும். கண்டபடி அப்பிய பசையோ, சில வேளைகளில் வடிகாலையே அடைத்துவிடுகிறது.