நம்மைச் சுற்றி வருபவை

 

கண்டியிலும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளைப் பகுதிகளிலும் பூனை நடமாடாத வீட்டைக் காண்பது அரிது. மீன்காரரின் ஹோர்ன் சத்தம் கேட்டதும் வீட்டாருக்கு முந்தி வாசலுக்கு ஓடுவது அதுதான். மழை இரவில் அடுப்படியில் சுருண்டு கிடப்பதும் அதுதான். இத்தனை நெருங்கிப் பழகியும் "கள்ளப் பூனை", "நன்றி கெட்டது" என்பதுதான் அதைப் பற்றிய நமது அபிப்பிராயம். ஒருநாள் அது முஸல்லாவில் சிறுநீர் கழித்துவிட்டால், அல்லது பிள்ளையின் கையைப் பிராண்டிவிட்டால், சாக்கில் போட்டுக் கட்டித் தூரத்துச் சந்தையடியில் விட்டுவரச் சொல்கிறோம். அப்படித் தீர்ப்புச் சொல்லுமுன் அதன் சுபாவத்தை விளங்கிக் கொண்டோமா? இம்மாதம் உங்களோடு பேச விரும்பும் விடயம் இதுதான்.

அபூ கதாதா (ரழி) அவர்களுக்கு மருமகள் கப்ஷா வுழூச் செய்யத் தண்ணீர் வைத்தார். அங்கே ஒரு பூனை வந்தது. அவர்கள் அது குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். மருமகள் வியப்புடன் பார்ப்பதைக் கண்டு, பூனை நஜீஸ் அல்ல, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் உள்ளது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். முவத்தாவிலும் அபூதாவூத், திர்மிதியிலும் இச்செய்தி உண்டு. இங்கே "சுற்றி வருபவை" என்பதற்கு வந்துள்ள அரபுச் சொல்லைக் கவனியுங்கள். அந்நூர் அத்தியாயத்தின் 58ஆவது வசனம், வீட்டுக்குள் வந்து போகும் அடிமைப் பணியாளர்களையும் பருவமடையாத சிறுவர்களையும் இதே சொல்லால்தான் குறிக்கின்றது. ஆகவே பூனை நமது வீட்டுச் சாமான் அல்ல. நம்மோடு புழங்கி, நம்மைச் சுற்றித் திரியும் ஓர் உயிர். அதற்கென்று ஒரு போக்கு உண்டு.

அந்தப் போக்கில் சிலவற்றைப் பார்ப்போம். நீங்கள் குசினியில் நிற்கும்போது அது காலில் உரசிக்கொண்டு போகின்றது. பசிக்காக மட்டும் அப்படிச் செய்வதில்லை. அதன் கன்னத்திலும் நெற்றியிலும் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. தன் வாசனையை உங்களில் பூசி, உங்களைத் தன்னைச் சேர்ந்தவராக்கிக் கொள்கின்றது. வாலை நிமிர்த்திக்கொண்டு வந்தால் அது சிநேக வரவேற்பு. வாலை இருபுறமும் வேகமாக அடித்தால் "போதும், விடு" என்று பொருள். மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டுவது உங்களை நம்புகிறேன் என்பதற்கே. வயிற்றைத் தடவச் சொல்வதாகக் கொள்ளலாகாது. பிள்ளைகள் பெரும்பாலும் பிராண்டு வாங்குவது இந்த இடத்தில்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பூனையைப் பார்த்துக் கண்களை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள். அதுவும் அவ்வாறே செய்யக் கூடும். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இப்படிக் கண் சிமிட்டியவர்களிடம் பூனைகள் கூடுதலாக நெருங்கி வந்தமை தெரிந்தது. உற்று முறைத்துப் பார்ப்பதோ அதற்கு மிரட்டலாகும்.

எல்லாப் பூனைக்கும் ஒரே குணம் என்று எண்ணிவிடாதீர்கள். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 2,802 பூனைகளைப் பற்றி வளர்ப்போரிடம் கேட்டறிந்து 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. பயந்த சுபாவம், துணிந்து தேடும் ஆர்வம், மற்றப் பூனைகளை அடக்கும் குணம், படபடப்பு, இணக்கம் என ஐந்து தன்மைகள் பூனைக்குப் பூனை கூடியும் குறைந்தும் இருப்பதை அது காட்டியது. ஒரு வயிற்றுக் குட்டிகளிலேயே ஒன்று மடியில் ஏறும், மற்றது அலுமாரிக்கடியில் ஒளியும். பிறந்து இரண்டு முதல் ஏழு வாரங்களுக்குள் மனிதக் கை பட்டு வளர்ந்த குட்டி இலகுவில் பழகும். அந்தப் பருவத்தை மதில்மேலும் கூரைமேலும் கழித்துவிட்டு வந்த பூனை உங்களைக் கண்டு ஓடினால் அது வெறுப்பினால் அல்ல. உணவு வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். பொறுமைதான் மருந்து.

திருட்டு விடயத்துக்கு வருவோம். பூனைக்கு உங்கள் மீன், என் மீன் என்ற கணக்கில்லை. வேட்டையாடுவது அதன் பிறவிக் குணம். வயிறு நிறைந்திருந்தாலும் அது எலியைத் துரத்தும். இரவில் பாத்திரங்களை மூடி வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்கல்லவா கட்டளையிட்டார்கள்! மூடாத சட்டிக்குப் பூனையைக் குற்றம் சொல்வது நீதியாகுமா? கதிரையைப் பிராண்டுவதும் நகத்தின் பழைய உறையைக் கழற்றவும் தன் அடையாளத்தை வைக்கவும்தான். ஒரு கட்டையில் தும்புக்கயிறு சுற்றி நிறுத்தி வைத்தால் கதிரை தப்பும்.

கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. கடுவன் பூனை நின்றபடியே சுவரில் பீச்சினால் அது எல்லை குறிப்பது. புதுப் பூனை வந்த கலக்கமாகவும், அது மலம் கழிக்கும் மண்பெட்டி அசுத்தமாய் இருப்பதாகவும் இருக்கலாம். ஆனால் கடுவன் அடிக்கடி குந்தி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் குழாய் அடைபட்டிருக்கக் கூடும். அன்றே மருந்து செய்யாவிடில் உயிராபத்து. நம் பகுதியினருக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை அருகிலேயே இருக்கின்றது. கருத்தடை செய்யலாமா என்று பலர் கேட்பதுண்டு. உண்ணக்கூடாத பிராணியைக் காயடிப்பதை நமது ஷாபிஈ கிதாபுகள் தடுத்துள்ளன. தேவை கருதி அனுமதிக்கும் அறிஞர்களும் உளர். உங்கள் நிலைமையை விளக்கி ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

எச்சரிக்கையும் அவசியம். சாதுவான பூனை திடீரென மூர்க்கமாகிக் கடித்தால் விசர்நோயாக இருக்கலாம். காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாமல் அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகள் பூனையின் மலத்தைத் துப்புரவு செய்யாதிருப்பது நல்லது. அதில் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் ஒரு கிருமி இருக்கக் கூடும். அந்த வேலையை வீட்டில் வேறொருவர் தினமும் செய்யட்டும்.

இனி அந்தச் சாக்கு விடயம். பூனை தன் இடத்தோடு ஒட்டி வாழும் பிராணி. எந்தச் சந்தில் ஒளியலாம், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதெல்லாம் தன் சுற்றாடலில் மட்டுமே அதற்குத் தெரியும். சந்தையடியில் ஏற்கெனவே இருக்கும் பூனைகள் புதிதாய் வந்ததை விரட்டும், நாய்கள் துரத்தும், வாகனங்கள் வேறு. "அவிழ்த்து விட்டேன், பிழைத்துக் கொள்ளும்" என்பது நம் மனதுக்கு நாமே சொல்லும் சமாதானம். ஒரு பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், பூமியில் திரிவதைப் பிடித்துத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண் நரகம் சென்ற செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. கையால் ஊட்டி வளர்த்ததைத் தேடி உண்ணத் தெரியாத இடத்தில் எறிவது அதற்கு எவ்வளவு தூரம் என்பதை ஒவ்வொருவரும் நெஞ்சில் கைவைத்துச் சிந்திக்கட்டும். அந்தச் சாக்கைத் தூக்கிச் செல்வது பெரும்பாலும் நம் ஆண்பிள்ளைகள். அதனால் அவர்கள் எதைப் படிக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள்.

வளர்க்க இயலாவிட்டால் ஏற்றுக்கொள்ள மனமுள்ள ஒரு வீட்டைத் தேடிக் கொடுங்கள். வைத்திருப்பதாயின் அதன் சுபாவம் அறிந்து வைத்திருங்கள். வாயில்லா ஜீவன்கள் மீது இரக்கம் காட்டும் உள்ளத்தை அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.