வெல்வெட் கயிறு

இரண்டு பித்தளைக் கம்பங்களுக்கு நடுவே தொய்ந்து தொங்குவதும், ஐந்து வயதுக் குழந்தை சற்றே குனிந்தால் நுழைந்துவிடக் கூடியதுமான ஒரு சிவப்பு வெல்வெட் கயிறு, உலகத்துச் செல்வமெல்லாம் வந்து குவியும் நியூயார்க் நகரத்தில், சூரியாஸ்தமனத்துக்குப் பின் மனிதர்களின் மதிப்பை நிர்ணயம் செய்யும் அதிகாரத்தை எவ்விதம் பெற்றது என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயம். கயிற்றுக்கு அப்பால், கோயில் வாயிலில் நிற்கும் துவாரபாலகரைப் போன்ற ஆகிருதியோடு, கையில் ஒரு ஜாபிதாவை வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். ஜாபிதாவில் பெயர் உள்ளவர் உள்ளே போகிறார். இல்லாதவர், தை மாதத்துக் குளிரில், விலையுயர்ந்த மெல்லிய உடையில் நடுங்கிக்கொண்டு, தாம் இன்னாருக்கு நெருங்கிய சிநேகிதர் என்பதைப் பற்றி அந்தத் துவாரபாலகரிடம் வியாக்கியானம் செய்துகொண்டிருக்கிறார்.

இந்தக் கயிற்றின் இரண்டு பக்கங்களையும் நன்கறிந்த ஒரு பெண்மணி எனக்குச் சிநேகிதர். அல்பேனியப் பெற்றோருக்கு நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். அமெரிக்கப் பத்திரிகைகள் ‘சோஷலைட்’ என்று நாமகரணம் செய்திருக்கும் வர்க்கத்தைச் சேர்ந்தவர். வீடு வாங்கி விற்கும் தொழில் ஒன்று அவருக்கு உண்டென்று கேள்வி. ஆனால் அவர் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. தர்ம ஸ்தாபனங்களின் நிதி விருந்து, சித்திரக் கண்காட்சியின் திறப்பு விழா, புதிய வாசனைத் திரவியத்தின் வெளியீடு, வயோதிக நாய்களின் காப்பகத்துக்கு ஆண்டு விழா என்று எது நடந்தாலும் மாலை ஏழு மணிக்கு அங்கே காணப்படுவதும், ஒன்பது மணிக்கு அடுத்த இடத்திற்குப் புறப்பட்டுவிடுவதும் அவருடைய நித்திய கர்மம். துணைக்கு ஆள் அகப்படாத தினங்களில் என்னை அழைத்துப் போவார். விருந்துகளை விட அவற்றைப் பற்றி அவர் திரும்பும் வழியில் டாக்ஸியில் செய்யும் விமரிசனம் சுவையானது என்பதால் நானும் மறுப்பதில்லை.

நியூயார்க் சமூகத்தில் ஆட்களைப் பொறுக்கியெடுக்கும் கலை நேற்று முளைத்ததன்று. வார்டு மக்காலிஸ்டர் என்றொரு கனவான், 1888-ஆம் ஆண்டில், இந்த நகரத்தில் பழகத் தக்கவர்கள் ஏறக்குறைய 400 பேர்தான் என்று ஒரு பத்திரிகை நிருபரிடம் சொல்லிவைத்தார்; அந்நாளில் நகரத்துச் சமூகத்தின் தலைவியாயிருந்த ஆஸ்டர் சீமாட்டியின் நடன மண்டபத்தில் அதற்கு மேல் இடமில்லை என்பதே காரணம் என்று ஊர் சொல்லிற்று. 1892-இல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை அந்த ஜாபிதாவை வெளியிட்டபோது, அதில் இருந்த பெயர்கள் நானூறுக்கு வெகுவாகக் குறைந்திருந்தன என்பது தனி வேடிக்கை. இந்த ஆஸ்டர் சீமாட்டிக்கே ஒரு சோதனை வந்தது. ரெயில்வேயில் பொருள் சேர்த்த புதுப் பணக்காரக் குடும்பம் என்று வாண்டர்பில்ட் வீட்டாரை அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை; அந்த வீட்டு மருமகளான ஆல்வா வாண்டர்பில்ட் 1883 மார்ச் மாதத்தில் ஒரு மாறுவேட நடன விருந்துக்கு ஏற்பாடு செய்து, 1,000 பேருக்கு மேல் அழைப்பு அனுப்பியபோது, அதற்காகவே நடனம் பயின்று வந்த ஆஸ்டரின் புதல்விக்கு மட்டும் அழைப்பு வரவில்லை. ஆஸ்டர் சீமாட்டி ஒரு தடவையேனும் என் வீட்டுக்கு வந்தவரா, அறிமுகமில்லாதவருடைய பெண்ணை நான் எப்படி அழைப்பது என்று ஆல்வா அம்மையார் பரம சாதுவாகக் கேட்டாராம். பெண்ணின் கண்ணீருக்கு இரங்கிய தாயார், வண்டியில் ஏறிப் போய், வாண்டர்பில்ட் வீட்டு வாயிலில் தம் விஸிட்டிங் கார்டைக் கொடுத்தனுப்பினார் என்றும், அழைப்பு உடனே வந்து சேர்ந்தது என்றும் சரித்திரமும் வம்பும் கலந்து சொல்கின்றன. “அந்தக் காலத்துச் சீமாட்டிகள் பாக்கியசாலிகள், ஒரு கார்டோடு காரியம் முடிந்தது. இப்போது கார்டுக்குப் பதில் காசோலை எழுத வேண்டியிருக்கிறது!” என்பார் என் சிநேகிதர். அவர் சொல்வதில் பொய்யில்லை. மெட்ரோபாலிடன் மியூசியத்தின் உடை அலங்காரப் பிரிவுக்காக எலினார் லாம்பர்ட் என்ற அம்மையார் 1948-இல் ஏற்படுத்திய விருந்தில் ஒரு சீட்டின் விலை 50 டாலர். ‘மெட் காலா’ என்று இப்போது உலகமெங்கும் பெயர் பரவியிருக்கும் அதே விருந்தில் 2024-இல் ஒரு சீட்டு 75,000 டாலர். அவ்வளவு கொடுக்கச் சித்தமாயிருப்பவரும், அழைப்பு ஜாபிதாவைத் தம் கையில் வைத்திருக்கும் ஆனா வின்டூர் அம்மையாரின் சம்மதம் இன்றி உள்ளே காலெடுத்து வைக்க இயலாது.

ஷெர்மன் பில்லிங்ஸ்லி என்பவர் இதே நகரத்தில் நடத்திய ஸ்டார்க் கிளப் என்னும் இரவு விடுதியின் வாயிலில் வெல்வெட்டுக்குப் பதில் தங்கச் சங்கிலியே தொங்கிற்று. 1951-ஆம் ஆண்டு அக்டோபரில், பாரிஸ் நகரத்தையே மயக்கிய கறுப்பின நடனக்காரி ஜோஸபின் பேக்கர் அந்தச் சங்கிலியைக் கடந்து உள்ளே போய் உட்கார்ந்தும், அவர் கேட்ட உணவு வரவேயில்லை. உள்ளே விட்டுவிட்டு உபசாரம் செய்யாமலிருப்பது, வாசலிலேயே திருப்பியனுப்புவதை விடக் கொடுமையான அவமதிப்பு அல்லவா? அன்று அங்கிருந்த நடிகை கிரேஸ் கெல்லியும் பேக்கரோடு எழுந்து வெளியே வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். வந்திருந்தால் அந்த ஸ்தலத்தின் சரித்திரத்தில் அவ்வளவு அழகான வெளிநடப்பு வேறொன்று நடந்திருக்க நியாயமில்லை. 1965-இல் கிளப் மூடப்பட்டது. அந்த மனையில் இப்போது பேலி பூங்கா என்ற சின்னஞ்சிறு பொதுத் தோட்டமும் ஒரு செயற்கை நீர்வீழ்ச்சியும் இருக்கின்றன. வழிப்போக்கர் எவரும் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அங்கே சாப்பிடலாம். ஊரிலேயே எனக்குப் பிடித்தமான ‘கிளப்’ அதுதான்.

1977-இல் திறக்கப்பட்ட ஸ்டூடியோ 54 என்னும் நடன சாலையின் வாயிலில், அதன் சொந்தக்காரர்களுள் ஒருவரான ஸ்டீவ் ருபெல் தாமே நின்று, இவர் வரலாம், அவர் வேண்டாம், இவருடைய மனைவி வரலாம் ஆனால் கணவர் வேண்டாம் என்கிற ரீதியில் நியாயம் வழங்கிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டின் கடைசி இரவில், நைல் ராட்ஜர்ஸ், பெர்னார்டு எட்வர்ட்ஸ் என்ற இரண்டு சங்கீதக்காரர்கள், பாடகி கிரேஸ் ஜோன்ஸ் அழைத்ததன் பேரில் போய், பெயர் ஜாபிதாவில் காணப்படாததால் திருப்பியனுப்பப்பட்டார்கள். வீட்டுக்குப் போய், வாயிற்காவலனை வைது ஒரு பாட்டுக் கட்டினார்கள். வசவுச் சொல்லை மட்டும் பின்பு நாகரிகமாக மாற்றினார்கள். ‘லே ஃப்ரீக்’ என்ற அந்தப் பாட்டுக்கு, அவர்களை உள்ளே விடாத சாலை உட்பட, தேசம் முழுவதும் ஆடித் தீர்த்தது. ருபெலும் அவருடைய கூட்டாளியும் வரி ஏய்ப்புக்காகச் சிறைக்குப் போனார்கள் என்பதையும் சொல்லாவிட்டால் கதை பூர்த்தியாகாது. அங்கேயும் வாசலில் ஜாபிதா உண்டு.

இவ்வளவையும் அறிந்திருந்தும் என் சிநேகிதர் கயிற்றருகே நிற்கும்போது துளியும் கலங்குவதில்லை. ஒரு தடவை, யாரோ ஒரு ஆடம்பர நகைக் கம்பெனிக்காரரின் விருந்தில், அவருடைய பெயரை ஜாபிதாவில் காணோம் என்று வாயிலில் இருந்த வாலிபன் கைவிரித்தான். பின்னால் நின்றவர்களுடைய முகங்களில் அனுதாபமும் ஆனந்தமும் ஏக காலத்தில் மலர்ந்தன. அவரோ சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “என் பாட்டி நாற்பது வருஷ காலம் ஒரு தெருவுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு நடந்தாள், அங்கே நின்றவன் கையில் துப்பாக்கி இருந்தது. இவன் கையில் இருப்பது காகிதந்தானே!” என்றார்.

அந்தத் தெரு அல்பேனியாவின் தலைநகரான டிரானாவில் இருக்கிறது. ப்ளோக்கு என்று அந்தப் பகுதிக்குப் பெயர். தேசம் முழுவதையும் வெளியுலகத்துக்குத் தாளிட்டு ஆண்ட என்வர் ஹோஜா என்னும் சர்வாதிகாரியும் அவருடைய கட்சிப் பிரமுகர்களும் வசித்த பேட்டை. நகரத்தின் நட்டநடுவில் இருந்தும், காவல் வீரர்களைக் கடந்து சாதாரணப் பிரஜை அதற்குள் பிரவேசிக்க முடியாது. சொந்தமாக மோட்டார் வைத்துக்கொள்ளவும், தாடி வளர்க்கவும் அனுமதியில்லாத ராஜ்யம் அது. 1967-இல் கோயில், மசூதி எல்லாவற்றையும் மூடியாயிற்று. பாட்டுப் பாடுவதில்கூட அபாயம் இருந்தது. 1972 டிசம்பரில் நடந்த பதினோராவது பாட்டு விழாவில் மேற்கத்திய மெட்டுகளின் சாயலும் ஆடைகளில் கொஞ்சம் நவீனமும் தென்பட்டதற்காக ஹோஜா சீறியெழ, ரேடியோ-டெலிவிஷன் நிர்வாகி டோடி லுபோஞ்சா பதவியிழந்து பல்லாண்டு சிறைவாசம் அனுபவித்தார். விழாவை மேடையேற்றிய டைரக்டருக்கும் அதே கதி. உற்சாகமாக ஒரு விழா நடத்தியதற்குத் தண்டனை சிறை என்றிருந்த தேசத்திலிருந்து, 1991 மார்ச்சில், அகப்பட்ட கப்பலில் தொற்றிக்கொண்டு இத்தாலியின் பிரிந்திசி துறைமுகத்தில் இறங்கிய ஆயிரக்கணக்கானவர்களில் என் சிநேகிதருடைய தகப்பனார் ஒருவர். பிறகு நியூயார்க்குக்கு வந்து பீட்ஸா அடுப்படியில் வேலை பார்த்தார். (இத்தாலியக் கைப்பக்குவம் என்று நாம் சிலாகித்து உண்ணும் நியூயார்க் பீட்ஸாவைப் பல கடைகளில் சுடுகிறவர்கள் அல்பேனியரே.) நிஜமான பூட்டைப் பார்த்த குடும்பத்துக்கு விளையாட்டுப் பூட்டு சிரிப்பை உண்டாக்குகிறது. அந்தச் சிரிப்பே அவருடைய பிரசித்தியின் ரகசியம் என்று நான் நினைக்கிறேன். உள்ளே போனாலும் போகாவிட்டாலும் சந்தோஷமாயிருக்கும் ஒருவரை எந்தத் துவாரபாலகரும் நெடுநேரம் வெளியே நிறுத்திவைப்பதில்லை. அன்றும் ஐந்து நிமிஷத்தில் உள்ளே போய்விட்டோம். விருந்து, சொல்லப் போனால், சகிக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஓர் உலகத்தையும் அவர் எனக்குக் காட்டியிருக்கிறார். வாரத்தின் நடுவில் மன்ஹாட்டனில் கட்டை விரல் அளவுப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு, விளம்பரப் பெயர்கள் அச்சிட்ட திரைக்கு முன்னால் போட்டோவுக்கு முறுவலிக்கிற அதே அம்மையார், சனிக்கிழமை இரவில் பிராங்ஸிலோ யாங்கர்ஸிலோ உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் இருப்பார். அங்கே கயிறும் இல்லை, ஜாபிதாவும் இல்லை. நூற்றுக்கணக்கானவர்கள் அமர்ந்திருக்கும் மண்டபத்தில், கிளாரினெட்டின் பிலாக்கணமும் கஞ்சிராவுக்கு உறவான ஒரு பறையின் முழக்கமும் எழ, முன்னால் போகிறவர் கைக்குட்டையை வீசி வழிகாட்ட, கை கோத்த வரிசை ‘வாலே’ என்னும் வட்ட நடனத்தில் ஊர்ந்து வளர்ந்து மண்டபத்தையே சுற்றிக்கொள்ளும். மூன்று தலைமுறைகள் ஒரே வரிசையில் ஆடுவதை மன்ஹாட்டனில் எந்த நடன சாலையிலும் நான் கண்டதில்லை. நடனம் நடக்கும் சாலைகளுக்குத் தனி லைசென்ஸ் வேண்டும் என்று 1926-இல் ஒரு சட்டம் இயற்றிய நியூயார்க் நகரம், அதை 2017-இல்தான் ரத்து செய்தது. அந்தச் சட்டத்தைக் கல்யாண வீடுகளுக்கும் செலுத்தியிருந்தால் அல்பேனிய சமூகம் முழுவதையும் கைது செய்ய நேர்ந்திருக்கும் என்பது என் சிநேகிதருடைய அபிப்பிராயம்.

அல்பேனிய மலைநாட்டு ஆசாரத்தில் அதிதிக்கு வீட்டுக்காரனுக்கும் மேலான ஸ்தானம். ‘பெஸா’ என்று அவர்கள் சொல்லும் வாக்குறுதி ஒருவனுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டால் பிராணனைக் கொடுத்தேனும் அதைக் காக்க வேண்டும். இது வெறும் பேச்சன்று. அடைக்கலம் வந்தவர்களை அவ்விதம் காத்ததால், இரண்டாவது உலக யுத்தத்தின் தொடக்கத்தில் இருந்ததை விட யுத்தம் முடிந்தபோது அதிகமான யூதர்கள் உயிரோடிருந்த அபூர்வமான ஐரோப்பிய நாடு அது. அப்பேர்ப்பட்ட உபசாரத்தில் சங்கடமும் இல்லாமலில்லை. உண்ணாமல் எழ முடியாது. ஆடாமல் உட்கார முடியாது. யாருடைய அத்தையை எந்த மேஜையில் உட்கார வைத்தார்கள் என்பதைப் பற்றிய மனஸ்தாபம், சிநேகிதர் சொன்ன கணக்கின்படி, கல்யாணத்தை விட நீண்ட காலம் ஜீவித்திருக்கும். தவிரவும், பழைய தலைமுறை அல்பேனியர் தலையை இடவலமாக ஆட்டினால் ‘ஆம்’ என்றும், மேலே உயர்த்தினால் ‘இல்லை’ என்றும் அர்த்தம். நம்மவருடைய தலையாட்டல் தடையின்றிச் செல்லுபடியாகும் தேசம் ஒன்றைக் கண்டேன் என்று மகிழ்ந்திருந்த நான், ஒரு கிழவியார் நீட்டிய ‘ராக்கி’ என்னும் சாராயத்தை மரியாதையாக மறுக்கத் தலையசைக்க, கிண்ணம் நிரம்பிற்று. மறுபடி அசைக்க, மறுபடி நிரம்பிற்று.

ப்ளோக்குவின் காவலை 1991-இல் எடுத்துவிட்டார்கள். ஹோஜாவின் மாளிகையைச் சுற்றிலும் இன்று காப்பிக் கடைகளும் மதுச்சாலைகளும் நடன அரங்குகளும் அடர்ந்து, டிரானாவின் இரவு வாழ்க்கைக்கே அது தலைமைப் பேட்டையாகிவிட்டது. சென்ற கோடையில் ஊருக்குப் போயிருந்த என் சிநேகிதர், பாட்டியை அங்கே அழைத்துச் சென்று ஒரு கடையில் உட்கார வைத்தாராம். காப்பியின் விலையைக் கேட்ட பாட்டி, காவல் இருந்த நாளே தேவலை என்றாளாம்.

அன்பர்களுக்கு என் யோசனை இது: நியூயார்க்குக்குப் போக நேர்ந்து, வெல்வெட் கயிற்றுக்கு முன்னால் உங்களை யாரேனும் நிறுத்தினால், பேலி பூங்காவில் சற்று உட்கார்ந்துவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பித் தூங்குங்கள்; இழந்தது ஒன்றுமில்லை. அல்பேனியர் வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வந்தாலோ எந்தக் காரியத்தையும் ஒத்திப்போட்டுவிட்டுப் போங்கள். பகலில் சாப்பிட வேண்டாம். காலுக்குப் பழகின செருப்பாக அணிந்துகொள்ளுங்கள். ஆடுகிறவர்கள் மேலும் வாத்தியக்காரர்கள் மேலும் வீசுவது சம்பிரதாயமாகையால் ஒற்றை டாலர் நோட்டுகளாக நிறைய மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.