தொடக்கச் சீட்டின் மதிப்பு: அலிஸ்டரை முன்வைத்து

சீட்டாட்டம் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது ரம்மியும் முந்நூற்று நாலும்தான். அந்த ஆட்டங்களில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டு. எந்தச் சீட்டு உயர்ந்தது, எது தாழ்ந்தது என்பது ஆடுபவர் பிறப்பதற்கு முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்ட விஷயம். சேகரிப்புச் சீட்டு விளையாட்டுகள் அப்படியல்ல. ஆயிரக்கணக்கான சீட்டுகளிலிருந்து தனக்கான கட்டை ஒவ்வொருவரும் தாமே கோத்துக்கொண்டு வருகிறார்கள். ஆகவே ஒரு சீட்டின் மதிப்பு என்ன என்ற கேள்வி, ஆட்டம் தொடங்குவதற்கு வெகு முன்பே எழுந்துவிடுகிறது. யோசித்துப் பார்த்தால் இதுவும் ஒருவகை விமர்சனம்தான். சீட்டில் அச்சிடப்பட்டிருப்பது ஏழெட்டு வரிப் பிரதி. அதை எப்படி வாசிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காஸுகி தகாஹஷி 1996-இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் தொடங்கிய சித்திரக்கதையிலிருந்து பிறந்தது யூ-கி-ஓ. 1999 முதல் கொனாமி நிறுவனம் அதைச் சீட்டு விளையாட்டாக வெளியிட்டு வருகிறது. தகாஹஷி 2022-இல் மறைந்தார்; ஆட்டம் நிற்கவில்லை. அதன் போட்டி வட்டாரங்களில் மிக அதிகமாகப் புழங்கும் சொற்களில் ஒன்று 'ஸ்டார்ட்டர்'. தொடக்கச் சீட்டு என்று நாம் சொல்லலாம். கையில் அது ஒன்று மட்டும் இருந்தால் போதும், கட்டின் முழுத் திட்டமும் நகரத் தொடங்கிவிடும். எழுதத் தொடங்குமுன் போடும் பிள்ளையார் சுழி போல, மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இத்தகைய சீட்டுகளை எடைபோடும்போது ஆட்டக்காரர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றே: "யாரும் தடுக்காவிட்டால் இது எவ்வளவு தூரம் போகும்?" இந்தக் கேள்வி தவறானது என்பது என் கருத்து. யாரும் தடுக்காத ஆட்டம் என்று ஒன்று போட்டியில் கிடையாது. ஒரு தொடக்கச் சீட்டின் தரம் அது உச்சத்தில் என்ன செய்கிறது என்பதில் இல்லை. அது தடுக்கப்பட்டபோதும், வேண்டாத நேரத்தில் கைக்கு வந்தபோதும் என்ன மிஞ்சுகிறது என்பதில்தான் இருக்கிறது. இதை விளக்க, எனக்கு மிகவும் பிடித்த ஒரு சீட்டை எடுத்துக்கொள்கிறேன்.

*

அதன் பெயர் 'அலிஸ்டர் தி இன்வோக்கர்'. 2016-இன் இறுதியில் ஜப்பானிலும் 2017-இன் தொடக்கத்தில் பிற நாடுகளிலும் வெளியானது. நான்காம் நிலை, இருள் பண்பு, மந்திரவாதி இனம். தாக்கு வலு 1000, தற்காப்பு 1800. எண்களைப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பெயர்க்காரணம் நம் போன்ற வாசகர்களுக்குச் சுவையானது. அலிஸ்டர் க்ரௌலி (1875–1947) என்ற ஆங்கிலேய மறைஞானியின் நிழல் இது. கவிஞர், மலையேறி, சர்ச்சைக்காரர் எனப் பல முகங்கள் கொண்டவர் அவர். 1901-இல் இலங்கைக்கு வந்து, பொன்னம்பலம் இராமநாதன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த தன் நண்பர் ஆலன் பென்னட்டுடன் கண்டியில் தங்கி யோகம் பயின்றவர். தன் இறுதிக் காலத்தில் ஃப்ரீடா ஹாரிஸ் என்ற ஓவியருடன் சேர்ந்து ஒரு டாரட் சீட்டுக்கட்டை வடிவமைத்தார். அது சீட்டுகளாக அச்சேறியது அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகுதான். சீட்டு வடிவமைத்த மனிதர் கடைசியில் தாமே ஒரு சீட்டாகிவிட்டார் என்பதை அவர் ரசித்திருக்கக்கூடும்.

சீட்டுக்கு வருவோம். அலிஸ்டரைச் சாதாரண அழைப்பில் களத்தில் இறக்கினால், கட்டிலிருந்து 'இன்வொகேஷன்' என்ற மந்திரச் சீட்டைக் கைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆவாகனம் என்பதே அச்சொல்லின் பொருள். அரக்கர்களை இணைத்து மேலும் பெரிய அரக்கனை வரவழைக்கும் சீட்டு அது. இணைப்புக்கு வேண்டிய பொருள்களைக் கையிலிருந்து எடுக்கலாம். அலிஸ்டரின் சொந்தக் குடும்பத்து அரக்கர்களை அழைப்பதானால் களத்திலிருந்தும், இரு தரப்புக் கல்லறைகளிலிருந்தும் எடுக்கலாம். எதிராளியின் இறந்த அரக்கனைக்கூடத் தன் வேள்விக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது பொருள். கோசைட்டஸ், பர்கட்ரியோ என்று டான்டேயை நினைவூட்டும் பெயர்களோடு, ஒவ்வொரு பண்புக்கும் ஓர் அரக்கன் இக்குடும்பத்தில் உண்டு.

இணைப்பு முடிந்த பின் இன்வொகேஷன் கல்லறையில் கிடக்கும். அதைக் கட்டுக்குள் திருப்பிவிட்டு, ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்ட அலிஸ்டரை மீண்டும் கைக்குக் கொண்டுவரலாம். கைக்கு வந்த அலிஸ்டரும் சும்மா இருப்பதில்லை. அதைக் கல்லறைக்கு அனுப்பி, தன் இணைவு அரக்கன் ஒன்றுக்கு அந்த முறை முடியும்வரை 1000 புள்ளி வலு கூட்டலாம்.

நடைமுறையில் இது எப்படி ஓடும்? அலிஸ்டரை இறக்குகிறோம், இன்வொகேஷன் கைக்கு வருகிறது. தாக்கு வலு 1000 மட்டுமே என்பதால் அலிஸ்டரை 'சாலமன்கிரேட் ஆல்மிராஜ்' என்ற லிங்க் அரக்கனாக மாற்ற முடிகிறது. பலவீனமே இங்கே தகுதியாகிறது. அங்கிருந்து ஒளிப் பண்புடைய இன்னொரு லிங்க் அரக்கனுக்கு நகர்ந்து, அதையும் கல்லறையில் உள்ள அலிஸ்டரையும் நீக்கி 'மெகாபா'வை வரவழைக்கலாம். 2500 வலு உள்ள மெகாபா, எதிராளி இயக்கும் ஒரு சீட்டை முறைக்கு ஒருதடவை செல்லாததாக்கும். அதற்கு விலை, அதே வகைச் சீட்டு ஒன்றைக் கையிலிருந்து விடுவது. அந்த விலையைக் கட்டத்தான் அலிஸ்டர் கைக்குத் திரும்பி வந்து காத்திருக்கிறது. எதிராளியின் அரக்கன் ஒன்று விளைவைத் தொடங்கினால், அலிஸ்டரைக் கொடுத்து அதை அடக்கிவிடலாம். செலவழித்தது ஒரு சீட்டு. அதே சீட்டு மீண்டும் கையில். களத்தில் ஒரு காவலன். கணக்கில் இவ்வளவு சிக்கனமான தொடக்கத்தைப் பார்ப்பது அரிது.

*

இங்கே நிறுத்திக்கொண்டால் நானும் உச்சத்தை மட்டுமே பார்த்தவனாகிவிடுவேன். தொடக்கச் சீட்டுகளிடம் கேட்க வேண்டியவை என்று நான் கருதும் கேள்விகளை இனி ஒவ்வொன்றாகக் கேட்போம்.

முதலாவது, கைக்கு வருமா? 40 சீட்டுக் கட்டில் ஒரே பெயருள்ள சீட்டை அதிகபட்சம் 3 வைக்கலாம். முதலில் ஆடுபவர் 5 சீட்டுகளோடு தொடங்குகிறார். அவற்றுள் அந்த மூன்றில் ஒன்றேனும் இருக்க வாய்ப்பு ஏறக்குறைய 34% மட்டுமே. மூன்று ஆட்டங்களில் இரண்டில் உங்கள் நாயகன் மேடைக்கு வரவே மாட்டான். இங்குதான் 'மேஜிக்கல் மெல்ட்டவுன்' என்ற களச் சீட்டு உதவுகிறது. அதை இயக்கினால் கட்டிலிருந்து அலிஸ்டர் கைக்கு வரும். அதிலும் 3 வைத்தால் மொத்தம் 6; வாய்ப்பு சுமார் 58% ஆகிறது. 9 சீட்டுகள் இருந்தால் 74%, 12 இருந்தால் 85%. ஒரு தொடக்கச் சீட்டு தனியாக நல்லதாக இருந்து பயனில்லை, அதன் வேலையைச் செய்யக்கூடிய உறவுக்காரர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அலிஸ்டருக்கு இவ்விடத்தில் நடுத்தர மதிப்பெண்தான் தரமுடியும்.

இரண்டாவது, தடுத்தால் என்ன மிஞ்சும்? அலிஸ்டரின் பரம எதிரி 'ஆஷ் பிளாஸம்'. கையிலிருந்தபடியே, கட்டிலிருந்து சீட்டு எடுக்கும் விளைவைச் செல்லாததாக்கும் சீட்டு அது. எதிராளி அதில் 3 வைத்திருந்தால், தொடக்கக் கையில் அது இருக்க வாய்ப்பு அதே 34%. ஆக, என்னிடம் ஒரு தொடக்கம் இருந்து, அவரிடம் ஆஷ் பிளாஸம் இல்லாதிருக்கும் வாய்ப்பு 38% அளவுக்கே வருகிறது. தடுக்கும் வேறு சீட்டுகளை இந்தக் கணக்கில் சேர்க்கவேயில்லை. தடுக்கப்பட்ட அலிஸ்டர், 1000 வலுவோடு களத்தில் தனியே நிற்கும். ஒரு முறைக்கு ஒன்றே ஒன்று என்று விதிக்கப்பட்ட சாதாரண அழைப்பும் செலவாகிவிட்டது. இது பெரிய குறைதான், மறைப்பதற்கில்லை. கையில் ஏற்கெனவே ஓர் இன்வொகேஷன் இருந்தால் மட்டும் கதை தொடரும். களத்து அலிஸ்டரையே பொருளாக்கி இணைப்பை நடத்திவிடலாம். மெல்ட்டவுன் களத்தில் இருந்தால் இன்வொகேஷன் இயக்கப்படுவதையும் யாராலும் செல்லாததாக்க முடியாது.

மூன்றாவது, இரண்டாம் பிரதி வந்தால் என்ன ஆகும்? விமர்சகர்கள் பெரும்பாலும் கேட்க மறக்கும் கேள்வி இது. பல தொடக்கச் சீட்டுகள் ஒன்றாக வந்தால் வரம், இரண்டாக வந்தால் பாரம். அலிஸ்டரின் இரண்டாம் பிரதி வலு கூட்டும், அல்லது மெகாபாவுக்கான விலையாகும். எந்நிலையிலும் அது செத்த சீட்டல்ல.

நான்காவது, கட்டை எவ்வளவு கறைப்படுத்துகிறது? இதற்கு 'பிரில்லியன்ட் ஃப்யூஷன்' என்ற சீட்டை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அது வேலை செய்ய 'ஜெம்-நைட் கார்னெட்' என்ற அரக்கன் கட்டுக்குள்ளேயே கிடக்க வேண்டும். கைக்கு வந்துவிட்டால் தண்டச் சுமை. இதனாலேயே இத்தகைய சீட்டுகளுக்கெல்லாம் 'கார்னெட்' என்பது பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. அலிஸ்டர் நம்மிடம் அப்படி எந்தக் கப்பமும் கேட்பதில்லை. இன்வொகேஷன் நேராகக் கைக்கு வந்தாலும் மகிழ்ச்சியே. 2017-க்கும் 2020-க்கும் இடையில் விண்ட்விட்ச், மெக்-நைட், ஷடால் என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத கட்டுகளெல்லாம் இந்தச் சிறு படையைத் தம்முள் குடியேற்றிக்கொண்டதற்கு இந்தத் தூய்மையே காரணம்.

ஐந்தாவது, இரண்டாவதாக ஆடினால் உதவுமா? எதிராளி களம் முழுக்க நிரப்பிவிட்ட பின் அலிஸ்டர் வந்தால், அவர் கல்லறையே நமக்குக் களஞ்சியம். அங்கே ஒரு நெருப்பு அரக்கன் கிடந்தால் பர்கட்ரியோ வரலாம். எதிராளியிடம் உள்ள ஒவ்வொரு சீட்டுக்கும் 200 புள்ளி வலு கூடி, அவருடைய எல்லா அரக்கர்களையும் ஒருமுறை தாக்கவல்லது அது. அவர் எவ்வளவு சேர்த்தாரோ அவ்வளவு அவருக்கே ஆபத்து. முதலில் ஆடினால் மட்டும் மின்னுகிற சீட்டுகளுக்கு நடுவே இது பெரிய தகுதி.

*

"இதெல்லாம் பழங்கதை, இன்றைய வேகத்தில் இச்சீட்டு நிற்குமா?" என்று சிலர் கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. 2023-இல் வந்த 'ஸ்நேக்-ஐ ஆஷ்' சாதாரண அழைப்பில் மட்டுமின்றிச் சிறப்பு அழைப்பில் வந்தாலும் முதல் நிலை நெருப்பு அரக்கன் ஒன்றைக் கட்டிலிருந்து எடுத்துத் தரும். அது போதாதென்று, களத்தில் உள்ள இரண்டு சீட்டுகளைத் தியாகம் செய்து கட்டிலிருந்தே தன் இனத்தவரை இறக்கும். தடுத்தாலும் வேறு வாசல் வழியாக உள்ளே வருகிற சீட்டு அது. வலுவை மட்டும் தராசில் வைத்தால் அலிஸ்டர் தோற்றுவிடும். நாளை ஒரு பெரும்போட்டிக்குச் செல்பவருக்கு அலிஸ்டரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆயினும் வலுவும் தரமும் ஒன்றல்ல என்றே நினைக்கிறேன். எதிராளி என்ன செய்தாலும் ஓடி முடியும் தொடக்கம், ஆட்டத்தைத் தனிமொழியாக்கிவிடுகிறது. ஒருவர் பத்து நிமிடம் சீட்டுகளை நகர்த்துகிறார். மற்றவர் தன் முறை வருமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அலிஸ்டரின் தொடக்கம் உரையாடலுக்கு இடம் விடுகிறது. எங்கே தடுக்கலாம் என்பது எதிராளிக்குத் தெரியும். தடுப்பாரா என்பது நமக்குத் தெரியாது. தடுக்கப்பட்ட பின் என்ன செய்வது என்று இருவரும் யோசிக்க வேண்டியிருக்கிறது. சீட்டாட்டம் என்பது அந்த யோசனைதானே?

இன்னொன்றும் உண்டு. எந்தக் கட்டிலும் தவறாமல் மூன்று பிரதிகள் வாங்க வேண்டிய சீட்டு பெரும்பாலும் தொடக்கச் சீட்டுதான். அதை நாம் தவறாக மதிப்பிட்டால் அதிகம் இழப்பவர், சேமித்த காசோடு ஆட்டத்துக்குள் புதிதாக நுழையும் இளைஞர். உச்சக்கட்டக் களத்தின் படத்தைக் காட்டி ஒரு சீட்டைப் புகழ்வது எளிது. மோசமான கையில் அது என்ன செய்யும் என்று சொல்வதே அவருக்கு நாம் செய்யக்கூடிய நேர்மையான உதவி.

அந்தக் கேள்விக்கு அலிஸ்டர் தரும் பதில் முழுமையானதல்ல. தடுத்தால் தடுமாறுகிறது, தேடித் தருவோர் குறைவு. ஆனால் வேண்டாத நேரத்தில் வந்தாலும் ஏதோ ஒரு வேலை செய்கிறது, செலவழித்தாலும் திரும்பி வருகிறது, தன் பொருட்டுக் கட்டில் வீண் சுமை எதையும் ஏற்றச் சொல்வதில்லை. இனி புதிதாக ஒரு தொடக்கச் சீட்டு வெளியாகி, அதன் பெருமையை யாரேனும் பேசத் தொடங்கினால், இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பல பேரரசர்கள் அலிஸ்டருக்கு முன் சற்றே சிறுத்துத் தெரிவார்கள்.