கடலுக்கடியில் அணு உலை: கல்பாக்கத்தில் நாம் கேட்க வேண்டியது

வன்னியம்பட்டியிலிருந்து தெற்கே போய் நெல்லையையும் நாங்குநேரியையும் தாண்டினால் விஜயநாராயணம். கப்பலே வராத அந்த ஊரில் 1990 முதல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளம் இருக்கிறது. கடலுக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புவது அதன் வேலை. சாதாரண வானொலி அலை கடல்நீருக்குள் இறங்காது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலை ஓரளவு ஆழம்வரை இறங்கும். அதற்காகத்தான் அங்கே அத்தனை உயரமான கம்பங்கள்.

உள்நாட்டிலேயே கட்டிய முதல் அணு நீர்மூழ்கியான அரிஹந்த், 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில் நீரில் இறக்கப்பட்டது. அடுத்ததான அரிகாத் 2024 ஆகஸ்டில் படையில் சேர்ந்தது. இவற்றின் ஏவுகணைகளுக்கு 'கே' வரிசை என்று பெயர். ராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்களின் பெயரிலிருந்து எடுத்த எழுத்து அது.

டீசல் நீர்மூழ்கி, கடலுக்கடியில் பேட்டரியில் ஓடுகிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்ய இஞ்சினை இயக்க வேண்டும், இஞ்சினுக்குக் காற்று வேண்டும். காற்றுக்காக மேலே வந்தால் எதிரிக்குத் தெரிந்துவிடும். அணு உலைக்குக் காற்றே தேவையில்லை. யுரேனியம் பிளவுபடும்போது எழும் வெப்பம் நீராவியை உண்டாக்குகிறது. நீராவி டர்பைனைச் சுழற்றுகிறது. ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் ஆண்டுக்கணக்கில் ஓடும். உள்ளிருப்பவர்களின் சாப்பாடு தீர்ந்தால்தான் திரும்ப வேண்டும். (விமானத்தையும் இப்படி ஓட்ட அமெரிக்கா பல ஆண்டுகள் முயன்று 1961இல் கைவிட்டது.)

இந்த உலையின் முன்மாதிரி நம் கல்பாக்கத்தில் இருக்கிறது. 2006இல் இயங்கத் தொடங்கியதை 2009இல்தான் பத்திரிகையாளர்களுக்குக் காட்டினார்கள். அதை நடத்தும் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நிலையங்களை, அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து 2000ஆம் ஆண்டிலேயே அரசு விலக்கிவிட்டது. பாதுகாப்பை மையமே உள்ளுக்குள் பார்த்துக்கொள்ளும். வாரியமும் முழுச் சுதந்திரமான அமைப்பாக இருக்கவில்லை, அணுசக்தி ஆணையத்துக்குப் பதில் சொல்வதாகத்தான் இருந்தது. அந்தக் குறைந்தபட்ச மேற்பார்வைகூட இங்கே இல்லை.

2003 ஜனவரியில் கல்பாக்கத்தில் இதே மையத்தின் மறுசுத்திகரிப்பு ஆலையில் ஆறு பணியாளர்கள் வரம்பு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். அது நீர்மூழ்கி உலை அல்ல. ஆனாலும் கண்காணிப்பு முறை ஒன்றுதான். மையம் அதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப் பல மாதங்கள் ஆயின.

அரிஹந்த் இன்று எந்தக் கடலில் நிற்கிறது என்பது ரகசியமாகவே இருக்கட்டும். தொழிலாளியின் உடலில் எவ்வளவு கதிர்வீச்சு ஏறியது என்பதை மறைத்து எந்த எதிரியை ஏமாற்றப் போகிறோம்? கல்பாக்கம் நிலையங்களை மீண்டும் வாரியத்தின் கண்காணிப்புக்குள் கொண்டுவரும்படி நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அரசிடம் கேட்க வேண்டும். அவர்களைக் கேட்க வைப்பது வாக்களித்த நம் வேலை.