ஜூனில் நடுகிறோம், ஓகஸ்டில் காய விடுகிறோம்



பஸ் தரிப்பிடத்து வேம்பு போய்விட்டது. காலையில் நாம் பாடசாலைக்குப் போகும்போது நின்றது. இரண்டு மணிக்குத் திரும்பி வரும்போது அடிக்கட்டைதான் இருந்தது. 1978 நவம்பர் சூறாவளிக்கே தப்பிய மரம் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அந்தச் சூறாவளியால் முடியாததை ஒரு மெஷின் வாள் அரை நாளில் முடித்துவிட்டது.

சபையில் கேட்டால் "முறைப்பாடு வந்தது" என்கிறார்கள். கடைகளில் கேட்டால் "நாங்களா வெட்டினோம்? சபைதான் வெட்டியது" என்கிறார்கள். அப்படி என்ன முறைப்பாடு? சருகு கொட்டுகிறதாம். காகம் எச்சமிடுகிறதாம். பெயர்ப்பலகை மறைகிறதாம்.

நேற்று கிளினிக் போக பஸ்ஸுக்கு நின்ற ஒரு தாய், பிள்ளையின் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு மின்கம்பத்தின் நிழலில் ஒதுங்கி நின்றார். மின்கம்பத்தின் நிழல் எவ்வளவு அகலம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பழியைச் சபையின் தலையில் போட்டுவிட்டுப் போக இதை எழுதவில்லை. நாமும் குற்றவாளிகள்தான். ஆசிரியர்களாகிய நாம் முதல் வரிசையில் நிற்கிறோம்.

ஒவ்வொரு ஜூன் 5ஆம் திகதியும் உலக சுற்றாடல் தினம். பிள்ளைகளை வெள்ளை உடுப்போடு வெயிலில் வரிசையாக நிறுத்துகிறோம். அதிதிகள் வருகிறார்கள். ஒரு கன்றை ஆறு பேர் பிடிக்கிறார்கள். கெமரா போனதும் எல்லோரும் போய்விடுகிறார்கள். ஜூன் மாதம் நமது கரையில் என்ன காலம்? கச்சான் காற்று அடித்து மண்ணெல்லாம் வறளும் காலம். கொழும்பிலும் காலியிலும் அப்போது தென்மேற்குப் பருவ மழை. அங்கே நடலாம். கிழக்கில் நமக்கு மாரி ஒக்டோபரில்தான் தொடங்குகிறது. இதே வடகீழ்ப் பருவக்காற்றை நாமே கரும்பலகையில் வரைந்து காட்டுகிறோம்; வாசலைத் தாண்டியதும் மறந்துவிடுகிறோம். பெரும்போகத்தை ஜூனில் விதைக்கிற விவசாயி இந்த ஊரில் உண்டா? கன்றை மட்டும் ஏன் ஜூனில் நடுகிறோம்? நமக்கு வேண்டியது படம்.

சந்தை வீதியில் போய்ப் பாருங்கள். கம்பிக்கூடு நிற்கிறது, உள்ளே காய்ந்த குச்சி. கூட்டில் அன்பளிப்புச் செய்தவரின் பெயர் மட்டும் அழியாமல் இருக்கிறது.

தப்பிப் பிழைத்த மரங்களுக்கு என்ன செய்கிறோம்? அடிவரை கொங்கிரீட் போட்டு, வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாமல் அடைக்கிறோம். வடிகான் வெட்டும்போது வேரை அறுக்கிறோம். டியூஷன் விளம்பரத்தை ஆணி அடித்து மாட்டுகிறோம். அதுவும் நம்மில் சிலர்தான். குப்பைப் பையை மரத்தடியில் போட்டு, அங்கேயே கொளுத்துகிறோம். மக்கள் ஒதுங்கும் நிழலை அசுத்தப்படுத்துவது சாபத்துக்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை எத்தனை ஜும்ஆவில் கேட்டிருப்போம்!

"மரம் விழுந்து ஆள் மௌத்தானால் நீங்களா சேர் பொறுப்பு?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் விழுந்து 5 பேர் உயிரிழந்தார்கள். அதை நாம் மறக்கவில்லை. ஆனால் அதிலிருந்து படிக்க வேண்டிய பாடம், தெரிந்தவரைக் கொண்டு மரங்களைக் காலத்துக்குக் காலம் பார்க்க வேண்டும் என்பதுதான். வேரை அறுத்து, ஒரு பக்கக் கொப்பை மட்டும் வெட்டிப் பாரத்தைச் சரித்து வைத்தால் நல்ல மரமும் விழும். உள்ளே உக்கிய மரத்தை வெட்டத்தான் வேண்டும். நாமே வந்து கயிறு பிடிப்போம். இந்த வேம்பை வெட்டுமுன் யார் பார்த்தார்கள்? என்ன நோய் கண்டார்கள்?

"வேம்பு போனால் என்ன, காத்தான்குடியில் போல பேரீச்சை நடுவோம்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே பிரதான வீதியின் நடுவே அவை அழகாகத்தான் நிற்கின்றன. அழகுக்கு நடுங்கள், மறுக்கவில்லை. ஆனால் பஸ்ஸுக்கு நிற்கிறவருக்குப் பேரீச்சை எவ்வளவு நிழல் தரும்?

நமது சொந்த வளவில் நிற்கும் பலாவையோ ஈரப்பலாவையோ பெண் பனையையோ தறிப்பதற்கே அனுமதி எடுக்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஊருக்கே சொந்தமான மரத்தைத் தறிக்க ஒரு போன் கோல் போதுமா?

நாம் கேட்பது நான்குதான்:

1. ஊரின் பொது மரங்களை எண்ணி இலக்கமிடுங்கள். எண்ணுகிற வேலையை நமது மாணவர்களோடு நாமே சம்பளமில்லாமல் செய்து தருகிறோம்.

2. எந்த மரத்தையும் வெட்டுவதற்கு 14 நாட்களுக்கு முன் காரணத்தை எழுதி அந்த மரத்திலேயே கட்டுங்கள். பள்ளிவாசல்களிலும் அறிவியுங்கள்.

3. மரத்தடியில் போட்ட கொங்கிரீட்டைச் சுற்றிவர மூன்று அடிக்கு உடைத்து எடுங்கள்.

4. நடுவதை மாரி தொடங்கியதும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்துக் கடையோ வீடோ பொறுப்பு. ஜூன் 5இல் புதிதாக எதையும் நட வேண்டாம். அன்று பிள்ளைகள் வாளியோடு போய், மாரியில் நட்டதற்குத் தண்ணீர் ஊற்றட்டும். எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணி எழுதட்டும்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்தில் பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதகா என்று படித்தவர்கள் நாம். தண்ணீர் ஊற்றாமல் சாகவிட்ட கன்றில் எந்தப் பறவை தின்னும்?

வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு அந்த அடிக்கட்டைக்குப் பக்கத்தில் நிற்போம். அங்கிருந்தே மரங்களை எண்ணத் தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். சபை உறுப்பினர்களும் கடைக்காரச் சகோதரர்களும் வாருங்கள். சண்டைக்கு அழைக்கவில்லை. ஒரு கொப்பியும் பேனையும் கொண்டு வந்தால் போதும்.

வஸ்ஸலாம்.