"ஆவன செய்க" என்றால் பணம் வருமா?

திருப்பூர் பனியன் வியாபாரி ஒருவர் அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். சரக்கு போய்ச் சேர்ந்தது. பணம் வரவில்லை.

வியாபாரி ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிறார். "கைண்ட்லி டூ த நீட்புல்" என்று முடிக்கிறார்.

"ஆவன செய்க" என்பது இதன் பொருள். எதைச் செய்வது? பணம் அனுப்புவதா? கணக்கு அனுப்புவதா? எந்தத் தேதிக்குள்? கடிதத்தில் ஒன்றும் இல்லை. படித்தவர் ஓரமாக வைத்து விடுவார்!

இது இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வழங்கிய சொல். அங்கே மறைந்து விட்டது. இந்திய அலுவலகங்களிலோ இன்னும் வாழ்கிறது.

விலை குழப்பம்

இன்னொரு சொல் "ரிவர்ட்". "பதில் எழுதுங்கள்" என்ற பொருளில் நம்மவர்கள் இதை எழுதுகிறார்கள். ஆனால், பழைய நிலைக்குத் திரும்புவது என்பதே அதன் பழம்பொருள்.

புது விலையைக் குறிப்பிட்டு, "ப்ளீஸ் ரிவர்ட்" என்று எழுதினால் என்ன ஆகும்? "பழைய விலைக்கே போகலாம் என்கிறாரா?" என்று வெளிநாட்டுக்காரர் திகைப்பார். "ப்ளீஸ் ரிப்ளை" என்று எழுதினால் வம்பே இல்லை.

தேதியிலும் ஆபத்து

தேதியை எழுதுவதிலும் கவனம் வேண்டும். ஜூன் 10-ந் தேதியை "10-6" என்று எழுதினால், அமெரிக்கர் அதை அக்டோபர் 6 என்று படிப்பார். பணம் நான்கு மாதம் தள்ளிப் போகும்! மாதத்தின் பெயரை எழுத்தால் எழுத வேண்டும்.

ஆங்கிலேயருக்கே பாடம்

இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. பிரிட்டிஷ் அதிகாரிகளின் கடிதங்களே ஒரு காலத்தில் மக்களுக்குப் புரியவில்லை. அந்த நாட்டு நிதித்துறை கேட்டுக் கொண்டதால், சர் எர்னஸ்ட் கவர்ஸ் ஒரு நூல் எழுதினார். 1948-ல் வெளிவந்தது. அதன் பெயர் "பிளெயின் வேர்ட்ஸ்". "எளிய சொற்கள்" என்று பொருள். ஆங்கிலம் பிறந்த மண்ணிலேயே அந்தப் பாடம் தேவைப்பட்டது!

வழி என்ன?

கடிதம் எழுதுமுன், வேண்டியதைத் தமிழில் சொல்லிப் பார்க்க வேண்டும். "42-ம் எண் பில்லுக்கு உரிய பணத்தை ஜூன் 10-ந் தேதிக்குள் அனுப்புங்கள்." அவ்வளவுதான். அதையே சின்னச் சின்ன ஆங்கிலச் சொற்களில் எழுதினால் போதும்.

பெரிய சொல் கடிதத்துக்கு அழகு அல்ல. கேட்டது கிடைப்பதே அழகு!